ஆன் ஆர்பரில் வீடு பிடித்துக் குடியேறுவது எப்படி? முதல்முறை போகும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, வாடகை குறைந்த வீடு எது என்று தேடுவது. ஆன் ஆர்பரில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் உங்கள் வகுப்பு எங்கே நடக்கிறது, அங்கே எந்தப் பேருந்து போகிறது, அந்தப் பேருந்து எந்தப் பகுதி வழியாக வருகிறது என்று பாருங்கள். வாடகைக் கணக்கு அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறியதால் வருடம் முழுக்க அல்லல்பட்டவர்களை ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் பார்க்கிறேன். அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆன் ஆர்பர் டெட்ராய்ட்டுக்கு மேற்கே சுமார் 40 மைல் தொலைவில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,23,851. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதால் "டெட்ராய்ட்டில் தங்கிப் போய்வரலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு ஊருக்கும் நடுவே புறநகர் மின்ரயில் போன்ற எதுவும் கிடையாது. டி2ஏ2 என்ற பேருந்து ஓடுகிறது. எப்போதாவது டெட்ராய்ட் போக அது நல்ல வசதி, தினசரி வகுப்புக்கு ஒத்துவராது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு டியர்பார்ன், ஃபிளின்ட் ஊர்களிலும் தனி வளாகங்கள் உண்டு. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்த ஊர் என்று பார்த்துவிட்டு வீடு தேடத் தொடங்குங்கள்.

2. உங்கள் வகுப்பு மத்திய வளாகத்திலா, வடக்கு வளாகத்திலா?

ஆன் ஆர்பரிலேயே வளாகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நகரின் மையத்தை ஒட்டி இருப்பது மத்திய வளாகம். ஹூரன் ஆற்றைத் தாண்டி வடகிழக்கே இருப்பது வடக்கு வளாகம். பொறியியல், கட்டடக்கலை, இசைத் துறைகள் வடக்கு வளாகத்தில் இருக்கின்றன. வணிகம், சட்டம், பொதுச் சுகாதாரம், பெரும்பாலான அறிவியல், கலைத் துறைகள் மத்திய வளாகத்தில்.

இரண்டுக்கும் நடுவே பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்துகள் ஓடுகின்றன. டிக்கெட் கிடையாது, அட்டை காட்ட வேண்டியதும் இல்லை. பயணம் கால் மணி நேரம்தான். ஆனால் வகுப்பு மாறும் நேரத்தில் நிறுத்தத்தில் கூட்டம் நிறைந்து, முதல் பேருந்தில் இடம் கிடைக்காமல் போவது சாதாரணம். பொறியியல் மாணவர் ஒருவர் மத்திய வளாகத்துக்குத் தெற்கே பேக்கர்டு சாலையில் வீடு எடுத்தால், நகரப் பேருந்தில் மத்திய வளாகம் வந்து, அங்கே நீலப் பேருந்து மாறி வடக்கே போக வேண்டும். ஜனவரிக் குளிரில் தினமும் இரண்டு நிறுத்தங்களில் காத்திருக்க வேண்டிவரும். வாடகையில் மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகாது.

ஆகவே பாடத்திட்டத்தைத் திறந்து முதல் பருவத்தின் வகுப்புகள் எந்தக் கட்டடத்தில் நடக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். துறையின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள்.

3. பேருந்துத் தடத்தைப் பார்த்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

நகரப் பேருந்துச் சேவைக்கு 'தி ரைட்' என்று பெயர். மாணவர் அட்டையான எம்கார்டு இருந்தால் அதில் கட்டணம் இல்லை. நகர மையத்தில் ஐந்தாம் அவென்யூவில் உள்ள பிளேக் பேருந்து நிலையம்தான் முக்கியச் சந்திப்பு.

வடக்கு வளாகத்துக்காரர்களுக்கு முதல் தேர்வு, பல்கலைக்கழகமே நடத்தும் நார்த்வுட் குடியிருப்புகள். வீட்டு வாசலிலிருந்து நீலப் பேருந்து கிடைக்கும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் இங்கே வீடுகள் உண்டு. அதற்கு அடுத்தது பிளிமத் சாலைப் பகுதி.

மத்திய வளாகத்துக்காரர்களுக்கு கெர்ரிடவுன், பர்ன்ஸ் பார்க், சவுத் யுனிவர்சிட்டி தெருவின் சுற்றுப்புறம் ஆகியவை நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வாடகை அதிகம், வீடுகள் பழையவை. கொஞ்சம் தள்ளி இருந்தால் பரவாயில்லை என்றால் பேக்கர்டு சாலை, வாஷ்டெனா அவென்யூ, மேற்கே பழைய வெஸ்ட் சைடு.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கிழக்கே இப்சிலாந்தி இருக்கிறது. வாடகை நன்றாகவே குறையும். ஆன் ஆர்பருக்கு நகரப் பேருந்து உண்டு. நான்காம் எண் தடம் வாஷ்டெனா அவென்யூ வழியாக இரண்டு ஊரையும் இணைக்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும். வார இறுதியில் பேருந்துகள் குறையும். ஆய்வகத்தில் இரவு வெகுநேரம் வேலை இருப்பவர்கள் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே இப்சிலாந்தியை யோசிக்க வேண்டும்.

விளம்பரத்தில் 'ஆன் ஆர்பர்' என்று போட்டிருந்தாலும் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 48104 நகர மையமும் அதன் தெற்கும் கிழக்கும். 48105 வடக்கு, 48103 மேற்கு, 48108 தெற்கு. 48197, 48198 இரண்டும் இப்சிலாந்தி. 48105 மிகப் பரந்த பகுதி என்பதால் குறியீட்டோடு நிறுத்தாமல், வீட்டுக்கு அருகில் உள்ள நிறுத்தத்தையும் அங்கே பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் சரிபாருங்கள்.

4. வீட்டுச் சந்தையின் காலக்கணக்கு

இந்த ஊரில் லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், பெரும்பாலும் 12 மாதம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் நடுவில் முடியும். வளாகத்தை ஒட்டிய வீடுகளுக்கு அடுத்த ஆண்டுக்கான ஆளைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள். இப்போது குடியிருப்பவருக்குப் புதுப்பிக்கும் வாய்ப்பை முதலில் தர வேண்டும், மிகச் சீக்கிரமே அடுத்தவரோடு ஒப்பந்தம் போடக் கூடாது என்று நகராட்சி விதி போட்டிருக்கிறது. இருந்தாலும் ஏப்ரலில் சேர்க்கை உறுதியாகி, விசா முடிந்து, ஜூனில் தேடத் தொடங்கும் நமக்கு அந்த வீடுகளில் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

அதனால் சோர்ந்துபோக வேண்டாம். கோடையில் கிடைப்பவை மூன்று வகை: பெரிய அடுக்குமாடி வளாகங்கள், நான்கைந்து பேர் எடுத்த வீட்டில் காலியாகும் ஓர் அறை, வேறொருவர் பாதியில் விட்டுப்போகும் சப்லீஸ். புதிதாக வருகிறவருக்கு இரண்டாவது வகையே நல்லது என்பது என் கருத்து. வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் உரிமையாளர் எப்படிப்பட்டவர், ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது, எரிவாயுக் கட்டணம் எவ்வளவு வருகிறது என்று எல்லாவற்றையும் கேட்டுவிடலாம்.

இன்னொரு இடைவெளியையும் கணக்கில் வையுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்பே நாட்டுக்குள் நுழையலாம். ஆனால் லீஸ் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்து இறங்கினால் இரண்டு மூன்று வாரம் தங்க இடம் இருக்காது. புதிய மாணவர்கள் குடியேறும் அந்த வாரங்களில் விடுதி அறைகளும் நிரம்பிவிடும். லீஸ் தேதியை உறுதி செய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

5. பணம் அனுப்பும் முன்

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு வீடு பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டிய நிலையில்தான் மோசடிகள் நடக்கின்றன. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வளாகத்துக்கு வெளியே உள்ள வீடுகளுக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் பட்டியலில் தேடுவது பாதுகாப்பானது. அதற்கு மேலும், ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒரு மாணவரை நேரில் போகச் சொல்லி வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். அழகான அறையை யாரும் காட்டிவிடுவார்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்றும், ஜன்னலைத் திறந்து மூட முடிகிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். பேஸ்மென்ட் அறை என்றால் சுவரின் அடிப்பாகத்தில் ஈரக்கறை இருக்கிறதா, ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன் ஆர்பரில் வாடகைக்கு விடும் வீட்டை நகராட்சி சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

6. லீஸில் நிதானமாகப் படிக்க வேண்டியவை

முதலில் 'கூட்டுப் பொறுப்பு' என்ற விதி. நான்கு பேர் சேர்ந்து மாதம் 3,600 டாலருக்கு ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், உங்கள் பங்கு 900 என்பது உங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு மட்டுமே. டிசம்பரில் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் மீதி மூவரிடமும் முழு 3,600ஐயும் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அறைக்கு அறை தனி லீஸ் போடும் வீடு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. முகம் தெரியாதவர்களோடு சேர்வதாக இருந்தால் தனி லீஸைத் தேடுங்கள்.

அடுத்தது டெபாசிட். மிச்சிகன் மாநிலச் சட்டப்படி ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. முதல் மாத வாடகையைத் தவிர முன்கூட்டி வாங்கும் எந்த வாடகையும் டெபாசிட்டாகவே கணக்கிடப்படும். வாடகை 1,000 டாலர் என்று வையுங்கள். முதல் மாதம் 1,000, கடைசி மாதம் 1,000, அதற்கு மேல் டெபாசிட் 1,500 என்று கேட்டால், டெபாசிட் உண்மையில் 2,500 ஆகிறது. வரம்பு 1,500தான். அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாத புதியவர்களிடம் இப்படிக் கேட்கும்போது, வேறு வழியில்லை என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறும்.

வெப்பமூட்டும் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள். இந்த ஊரில் மின்சாரம், எரிவாயு இரண்டையும் தருவது டி.டி.இ. எனர்ஜி. வளாகத்தைச் சுற்றியுள்ள மர வீடுகள் பழையவை. ஜன்னல் இடுக்கில் காற்று புகும். வெப்பச் செலவு வாடகையில் அடங்கும் வீடும், அடங்காத வீடும் ஒரே வாடகையில் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. போன ஜனவரி, பிப்ரவரி மாதக் கட்டணச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதை வாடகையோடு கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நடைபாதையில் பனி அள்ளுவது யார் வேலை, கார் நிறுத்த இடம் உண்டா, கோடையில் சப்லீஸ் விட அனுமதி உண்டா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் கையெழுத்துக்கு முன்பே கேட்க இடம் இருக்கிறது: பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகம் பதிவு செய்த மாணவர்களுக்கு இலவசமாக லீஸைப் படித்துச் சொல்லும்.

7. வந்து இறங்கும் நாள்

டெட்ராய்ட் மெட்ரோ விமான நிலையம் டெட்ராய்ட் நகருக்குள் இல்லை. ரோமுலஸ் என்ற ஊரில், ஆன் ஆர்பருக்குக் கிழக்கே சுமார் 25 மைலில் இருக்கிறது. அங்கிருந்து மிச்சிகன் ஃபிளையர் பேருந்து நேராக ஆன் ஆர்பருக்கு வருகிறது. முன்பதிவு செய்வது நல்லது. நிலையத்தில் இரண்டு முனையங்கள் தனித்தனியாக இருக்கின்றன. உங்கள் விமானம் எதில் இறங்குகிறது, பேருந்து எங்கே நிற்கிறது என்று முதல் நாளே குறித்துவையுங்கள்.

சிகாகோவுக்கு டிக்கெட் மலிவு என்று அங்கே இறங்கி, 'வுல்வரீன்' ரயிலில் வருகிறவர்களும் உண்டு. நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்குச் சில ரயில்கள்தான். குடியேற்றச் சோதனையில் தாமதமானால் கடைசி ரயில் போய்விடும். இரண்டு பெரிய பெட்டிகளோடு முதல்முறை வருகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செப்டம்பரில் வருகிறவர்களும், வீடு மாற்றுகிறவர்களும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அட்டவணையைப் பாருங்கள். மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். உள்ளூர் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் ஊரின் மக்கள்தொகைக்குச் சற்றுக் குறைவான கூட்டம் ஒரே இடத்தில் கூடும். சாலைகள் மூடப்படும், பேருந்துகள் சுற்றிப்போகும். அன்று சாமான் ஏற்றி இறக்குவதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. முதல் ஏழு நாள்: வீட்டு நிலைப் பட்டியல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து டெபாசிட்டில் கைவைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

குடியேறும்போது வீட்டின் நிலையைக் குறிக்கும் பட்டியலின் இரண்டு பிரதிகளை உரிமையாளர் தர வேண்டும். அதை நிரப்பி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'எல்லாம் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பழைய கீறலும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

பெட்டியைப் பிரிக்கும் முன், அறைகள் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள். வாசலிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகச் சுவரை ஒட்டியே ஒவ்வொரு அறையாகச் சுற்றி வாருங்கள். கம்பளத்தில் கறை, ஜன்னல் வலையில் கிழிசல், அடுப்பின் ஒவ்வொரு பர்னர், ஃபிரிட்ஜின் உள்தட்டில் விரிசல், குளியலறை ஓடுகளின் நடுவே கருத்த பூஞ்சை, கதவுப் பிடியின் தளர்வு என்று எல்லாவற்றையும் இடத்தோடு எழுதுங்கள். 'சுவரில் கீறல்' என்று எழுதினால் போதாது. 'படுக்கையறை கிழக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் நீளக் கீறல்' என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

உரிமையாளரின் பெயர், முகவரி, டெபாசிட் எந்த நிதி நிறுவனத்தில் இருக்கிறது என்ற விவரங்களை 14 நாளுக்குள் அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரவில்லை என்றால் கேளுங்கள்.

9. அட்டை, கணக்கு, எண், உரிமம்: இந்த வரிசையில்

முதலில் எம்கார்டு. பேருந்து, நூலகம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுதான். அடுத்து பல்கலைக்கழகத்தின் சர்வதேச மையத்தில் வருகைப் பதிவு. இதைத் தள்ளிப்போட்டால் விசா நிலையே சிக்கலாகும்.

மூன்றாவது வங்கிக் கணக்கு. பாஸ்போர்ட், ஐ-20, லீஸ் மூன்றையும் கொண்டுபோங்கள். வங்கியை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், ஓட்டுநர் உரிமத்துக்கோ மாநில அடையாள அட்டைக்கோ முகவரிச் சான்று இரண்டு கேட்பார்கள். லீஸ் ஒன்று, வங்கி அறிக்கை இன்னொன்று.

சமூகப் பாதுகாப்பு எண் வளாகத்தில் சம்பள வேலை கிடைத்த மாணவர்களுக்கு மட்டும். வேலைக் கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாட்டுக்குள் வந்து பத்து நாளாவது ஆன பிறகு போனால் உங்கள் பதிவு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் கணினியில் தெரியும்.

ஓட்டுநர் உரிமத்துக்கு, பிற மாநிலங்கள் பலவற்றில் போல 'டி.எம்.வி.' அலுவலகம் என்று தேடாதீர்கள். மிச்சிகனில் அந்த வேலையைச் செய்வது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கார் வாங்கும் யோசனை இருந்தால், காரின் விலையைப் பார்ப்பதற்கு முன் காப்பீட்டுத் தொகையை விசாரியுங்கள். இந்த மாநிலத்தில் அது மிக அதிகம்.

10. சாமான், மளிகை, குளிர் உடை

ஆகஸ்ட் நடுவில் லீஸ் முடிந்து போகிறவர்கள் மேசை, நாற்காலி, அலமாரியைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். மரச் சாமானைத் தாராளமாக எடுக்கலாம். மெத்தையையும் துணி போர்த்திய சோபாவையும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் வீடு முழுக்கப் பரவும். பல்கலைக்கழகத்தின் பழைய பொருள் விற்பனைப் பிரிவில் மேசைகள் மலிவு. பழைய சாமான் கடைகளும் ஊரில் உண்டு. மெத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஐக்கியா கடை கிழக்கே கேன்டனில் இருக்கிறது. கார் வைத்திருப்பவரோடு சேர்ந்து ஒரே தடவையில் போய்வாருங்கள்.

பேக்கர்டு சாலையில் இந்திய மளிகை கிடைக்கும். பெரிய கடைகள் வேண்டுமென்றால் கேன்டன், நோவை பக்கம் போக வேண்டும். பேருந்தில் அங்கே போவது சிரமம். அரிசி, பருப்பு போன்ற கனமான சாமானை மாதம் ஒருமுறை நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதே வழக்கம். நோவையில் வேங்கடேசுவரர் கோயிலும், பான்டியாக்கில் பராசக்தி கோயிலும் இருக்கின்றன. அந்தப் பயணத்தோடு இவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள்.

குளிர் கோட்டை ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்கு ஏழெட்டு டிகிரி செல்சியஸ் கீழே இறங்குவது சாதாரணம். சில வாரங்களில் அதற்கும் கீழே போகும். அதற்கான கோட்டும், நீர் புகாத பனிக் காலணியும் இங்கேதான் சரியாகக் கிடைக்கும். அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். முதல் செலவைக் காலணிக்கு வையுங்கள். கரைந்த பனியும் உப்பும் கலந்த சேற்றில் துணிக் காலணி ஒரு நாள்கூடத் தாங்காது.

11. வீட்டைக் காலி செய்யும்போது

வெளியேறிய நான்கு நாளுக்குள் புதிய முகவரியை உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வேலை கிடைத்து வேறு மாநிலத்துக்குப் போகும் அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான். முகவரி தராவிட்டால், பிடித்தம் பற்றிய விவரத்தை உங்களுக்கு அனுப்பும் கடமை அவருக்கு இல்லாமல் போகிறது.

முகவரி கொடுத்திருந்தால், 30 நாளுக்குள் அவர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், அல்லது எதற்கு எவ்வளவு பிடித்தார் என்று பட்டியல் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் நீங்கள் தபாலில் பதில் அனுப்ப வேண்டும். போனில் பேசினால் கணக்கில் வராது. குடியேறியபோது நிரப்பிய பட்டியலின் பிரதியையும் படங்களையும் சேர்த்து, எந்த வரியை ஏற்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அதன் பிறகும் அவர் பிடித்துவைக்க விரும்பினால், நீங்கள் காலி செய்த 45 நாளுக்குள் அவர்தான் நீதிமன்றம் போக வேண்டும்.

படிப்பு முடிகிற ஆண்டு என்றால், பதிவு செய்த மாணவராக இருக்கும்போதே, ஏப்ரல் மாதத்திலேயே, மாணவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய் இந்தக் கடிதங்களின் மாதிரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.